வெந்த்கே நம் பாட்டியின் சட்டை அல்ல

நான் இருக்கும் புலனக் குழுக்களில் எல்லாம் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தலையில்லாத பொம்மை. அதன்மேல் கணுக்கால்வரை இறங்கும் நீளக் கோட்டு. முழுக்கை, முன்பக்கம் திறப்பு, பொத்தான் கிடையாது. வெள்ளைத் துணியில் நீலக் கொடி, நீலப் பூ. பக்கத்தில் உள்ள குறிப்பு அட்டை மங்கலாக இருக்கிறது. அதைப் படிக்க யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது இதுதான்: சோழ அரசியின் அங்கி, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனது, தமிழனாக இருந்தால் பகிரவும்.

நான் பகிரவில்லை. "உனக்குத் தமிழ் உணர்வே கிடையாதுடா தம்பி" என்று ஓர் அண்ணன் குரல்பதிவே அனுப்பிவிட்டார். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் கதை, கவிதை எழுதுகிறவர்கள். மேடையில் ஆவணம், தரவு, வரலாற்று உணர்வு என்று பேசுகிறவர்கள். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. சொல்லப்போனா இந்தக் கட்டுரை அந்த அண்ணனுக்கான பதில்தான். குரல்பதிவுக்கு இவ்வளவு நீளம் பத்தாது.

அந்தக் கோட்டின் பெயர் வெந்த்கே. நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாநிலத்தில் ஹிண்டெலோப்பன் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். (இன்று அணை கட்டி அந்தக் கடல் ஏரியாகிவிட்டது.) ஆண்கள் கப்பலோட்டிகள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்காக நார்வேக்கும் பால்டிக் துறைமுகங்களுக்கும் போய்வந்தவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் 18ஆம் நூற்றாண்டில் மேலாடையாக உடுத்தியது இது. துணி மட்டும் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனது. நாம் சீட்டித் துணி என்போமே, இலங்கையில் சீத்தை என்பார்களே, ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றும் டச்சுக்காரர் சிட்ஸ் என்றும் சொன்னார்களே, அது. ஃபிரீஸ்லாந்துத் தலைநகர் லேவார்டனில் உள்ள ஃபிரீஸ் அருங்காட்சியகத்தில் இத்தகைய சீட்டி உடைகள் நிறைய இருக்கின்றன. 2017இல் அவற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்கள்.

இப்போது ‘சோழ அரசி’க்கு வருவோம். பிற்காலச் சோழர் ஆட்சி 1279 அளவில் முடிந்துபோனது. அதற்கும் இந்தக் கோட்டுக்கும் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு இடைவெளி. அதை விடுங்கள், வெட்டைப் பாருங்கள். முதுகுப்புறம் உடம்பை ஒட்டி வந்து இடுப்புக்குக் கீழே விரிகிறது. தோளும் கையும் தனித்தனியாக வெட்டி இணைக்கப்பட்டவை. துணி விலை அதிகம் என்பதால் இத்தகைய உடைகளில் சின்னச் சின்னத் துண்டுகளைக்கூட வீணாக்காமல் பூ பூவோடு சேரும்படி ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பார்கள். அந்த ஒட்டுத் தையல்தான் எனக்கு இதில் முக்கியமான சாட்சி. துணி எங்கே மலிவோ அங்கே இப்படி ஒட்டுப்போடமாட்டார்கள். யாரோ ஒரு ஃபிரீசியத் தையல்காரி விரல் நுனியில் ஊசி குத்தக் குத்த இதைத் தைத்திருக்கிறாள். அவளை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் நாம் சோழ அரசியைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்.

நீலம் ஏன் என்று யாராவது கேட்டோமா? ஹிண்டெலோப்பனில் நிறத்துக்குப் பொருள் உண்டு. சிவப்பு மேலோங்கிய சீட்டி கொண்டாட்டத்துக்கு. நீலமும் வெள்ளையும் துக்கத்துக்கு. நாம் இதயக் குறியும் புலிக்கொடியும் போட்டுப் பகிர்ந்துகொண்டிருந்தது பெரும்பாலும் யாரோ ஒருத்தியின் இழவு உடையை. புருஷன் கடலில் போனானோ, அப்பன் செத்தானோ. இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் எனக்கு அந்தப் படம் வேறொன்றாகிவிட்டது. பாத்திக் எழுதிய கடலோரத்தில் பிறந்த துணி, இன்னொரு கடலோரத்தில் ஒரு சாவுக்காகப் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நமக்கு வேண்டியது அரசி.

ஒரு பழைய துணியை எப்படி அடையாளம் காண்பது? நான் அருங்காட்சியக வல்லுநன் கிடையாது, படித்துத் தெரிந்துகொண்டவன். படித்தாலே தெரியக்கூடியதுதான். முதலில் துணியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். நம் ஊரில் பாத்தேக் வாங்கப் போகும் அம்மாக்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். சோழமண்டலக் கரையில் நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி முழுத் துணியையும் அவுரித் தொட்டியில் முக்கினார்கள். அதனால் நீலம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழை போல நீலக் கோடு ஓடும். ஐரோப்பாவில் போலி செய்தவர்கள் நீலத்தைத் தூரிகையால் மேலே தீட்டினார்கள். அது திட்டுத்திட்டாக நிற்கும். கோடு கையால் வரைந்ததா, அச்சுக்கட்டையால் ஒற்றியதா என்பது அடுத்தது. ஒரே பூ பத்து இடத்தில் வந்தால் பத்தையும் ஒப்பிடுங்கள். அச்சு பொய் சொல்லாது, ஒரே மாதிரி இருக்கும். கை பத்துத் தடவையும் கொஞ்சம் மாறும். குஜராத்தில் பெரும்பாலும் அச்சு. கிழக்குக் கரையின் உயர்ந்த சரக்கு கையால் எழுதியது.

சிவப்பின் கதை இன்னும் நீளம். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் மேலே எழுதும் திரவம் ஊறிப் பரவாமல் கோடு கோடாக நிற்கும். கறுப்புக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம். அப்புறம் முழுத் துணியையும் சாயவேரில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்பு பிடிக்கும். மற்ற இடத்தில் ஏறிய வெளிறிய கறையைச் சாணி நீரும் வெயிலும் எடுத்துவிடும். சிவப்புப் பூவுக்குள் நூலிழை போல வெள்ளைக் கோலம் தெரிந்தால், அது மெழுகால் முன்கூட்டியே காப்பாற்றி வைத்த வெள்ளை. இத்தனையும் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். வெளுப்பது, முக்குவது, அலசுவது, காயவைப்பது, மறுபடி அலசுவது. வேலையில் பெரும்பகுதி தண்ணீரில்தான்.

தண்ணீரில் நின்றவர்கள் யார்? தமிழன் என்ற ஒற்றைச் சொல் இங்கேதான் நமக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. துணி நெய்தவர் கைக்கோளர், தேவாங்கர், சாலியர் என்று பல சாதியினர். வெளுத்தவர் வண்ணார். எழுதியவரும் சாயம் போட்டவரும் வேறு. சாயவேர் மன்னார், யாழ்ப்பாணத்து மணற்பரப்பிலும் விளைந்தது. டச்சுக்காரர் காலத்தில் அது கம்பெனியின் ஏகபோகம். அந்த வேரைத் தோண்டுவதையே கட்டாய ஊழியமாகச் சுமந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் இருந்தார்கள். ‘நம் முன்னோரின் கைவண்ணம்’ என்று பதிவு போடுகிற எத்தனை பேர் வீட்டில் அந்த வேர்தோண்டியைத் திண்ணையில் ஏற்றியிருப்பார்கள்? 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் சாயமிடும் முறையை விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டு எழுதினேன் என்கிறார். கேர்தூவின் பெயர் துணி வரலாற்று நூல்களில் எல்லாம் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர்கள் ‘புதிதாக மதம் மாறியவர்கள்’ என்ற அளவோடு நிற்கிறார்கள்.

இன்னொன்று. அந்தக் கரை தமிழர் கரை மட்டும் இல்லை. மசூலிப்பட்டினம், பாலகொல்லு போன்ற தெலுங்கு ஊர்கள் எழுதுதுணிக்குப் பேர்போனவை. தெற்கே பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம். இதில் குறிப்பிட்ட ஒரு வெந்த்கேயின் துணி எந்த ஊர்த் தொட்டியில் நனைந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கோலமும் உதவாது. வாங்குகிறவன் ரசனைக்கு ஏற்பத்தான் எழுதினார்கள். 1643இல் லண்டனிலிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சிவப்புத் தளத்தில் வருகிற போர்வைகள் இங்கே விற்கவில்லை, வெள்ளைத் தளத்தில் பூப்போட்டு அனுப்பு என்று கேட்கிறார்கள். சயாம் அரசவைக்கு அனுப்பியதில் கைகூப்பிய தேவகணங்கள். நம் தீவுகளுக்கு வந்ததில் இரண்டு முனையிலும் கூர்கூரான முக்கோண வரிசை. மலாய்க்காரர்கள் தும்பால் என்பார்கள், சொங்கேட்டில் இன்றும் பார்க்கலாம். ஒரு பழைய சோழமண்டலத் துணியில் தும்பால் இருந்தால் அது சுமத்ராவிலோ ஜாவாவிலோ இடுப்பில் கட்டுவதற்கென்று செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதையும் ‘புராதனத் தமிழ்ப் புடவை’ என்று போடுகிறார்கள், என்ன பண்றது.

‘திருடிக்கொண்டு போனது’ என்பதற்கு வருகிறேன். அந்தத் துணியைத் திருடவில்லை, வாங்கினார்கள். கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார். பிரசன்னன் பார்த்தசாரதி தன் நூலில் காட்டுவது போல 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நெசவாளர் கை ஓரளவு ஓங்கியே இருந்தது. பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோ கொடுக்காமலோ ஊரைவிட்டுக் கிளம்பலாம். ஆங்கிலேயக் கம்பெனி அரசாங்கமாக மாறிய பிறகுதான் அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஆகவே வெறும் அப்பாவியாகவும் இல்லை, சக்கரவர்த்தியாகவும் இல்லை. பேரம் பேசத் தெரிந்த உழைப்பாளிகள்.

ஆனால் அதே கப்பல்களில் வேறொரு சரக்கும் போனது. பெருமைப் பதிவுகளில் அதைப்பற்றி ஒரு வரி வராது. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மனிதர்களை வாங்கி ஏற்றியது. பஞ்சமும் படையெடுப்பும் வரும்போதெல்லாம் இந்த வியாபாரம் கூடும். விலை குறையும், வேறென்ன. 1659 முதல் 1661வரை பீஜப்பூர்ப் படைகளால் தஞ்சைச் சீமை சீரழிந்தபோது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர்வரை அடிமைகளாக வாங்கியது என்று வரலாற்றாய்வாளர் மார்க்கஸ் விங்க் கணக்குச் சொல்கிறார். பெரும்பகுதி இலங்கைக்கு. ஒரு சிறு பகுதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். மலாக்காவுக்கு! நாம் வாரக்கடைசியில் ஜொங்கர் தெருவில் செண்டோல் குடிக்கப் போகிறோமே, அந்த மலாக்காவுக்கு. 19ஆம் நூற்றாண்டு ரப்பர், காப்பித் தோட்டத்துக்கு முன்னால் இங்கே வந்த தமிழர் என்றால் நமக்கு உடனே கடாரமும் வணிகக் குழுக்களும்தான் நினைவுக்கு வருகின்றன. நாகப்பட்டினத்தில் தன்னையோ பிள்ளையையோ விற்றவர்கள் மலாக்காவில் இறங்கியதைப் பற்றி நம்மிடம் ஒரு நாவல் உண்டா? நம் சரித்திர நாவல்களில் வேலைக்காரிகூடப் பட்டுதான் உடுத்துவாள். உலகம் வரிசையில் நின்று வாங்கிய பருத்தி அந்தப் பக்கங்களில் கண்ணிலேயே படாது.

இத்தனைக்கும் படிக்க ஆளில்லாத விஷயம் இல்லை இது. சோழமண்டலக் கரையின் வணிகத்தைப் பற்றிய முக்கியமான நூல்களில் ஒன்றை எழுதிய சின்னப்பா அரசரத்தினம் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இந்திய ஏற்றுமதித் துணிகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு பேருந்து, ஒரு நெரிசல், அவ்வளவுதான் தூரம்.

அருங்காட்சியகங்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ‘பருத்தி, இந்தியா, 18ஆம் நூற்றாண்டு’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிற அட்டைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தைத்த ஊர், வெட்டு, உடுத்தும் வேளை எல்லாம் நாலு வரி வரும். துணி என்று வந்ததும் ஒரு துணைக்கண்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஹிண்டெலோப்பனைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தவர்களுக்குச் சோழமண்டலக் கரை என்று எழுத என்ன கஷ்டம்? சாயவேர் என்று ஒரு சொல் சேர்த்தால் அட்டை கிழிந்துவிடுமா? இந்த ஒன்றில் அந்த அண்ணனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் செய்வதும் அதேதான், திசை மட்டும் வேறு. அவர்கள் செய்தவனை அழிக்கிறார்கள். இவர் உடுத்தியவளை அழிக்கிறார்.

உடுத்துகிறவர் சும்மா வாங்கி மாட்டிக்கொள்கிறவர் இல்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் சென்னைக் கட்டம்போட்ட துணியை இஞ்சிரி என்பார்கள். அப்படியே கட்டுவதும் உண்டு. அதில் சில நூல்களைக் கத்தியால் வெட்டி உருவி எடுத்து, இல்லாத ஒரு புதுக் கோலத்தை உண்டாக்குவதும் உண்டு. பெலெத்தே பித்தே என்று அதற்குப் பெயர். ஜோன் ஐக்கரும் தோன்யே எரெகோசிமாவும் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். நெய்தவர் இந்தப் பக்கம் போட்ட நூலை அந்தப் பக்கம் எடுத்தால் துணி அவர்களுடையதாகிறது. பிறப்புக்கும் இறப்புக்கும் அது வேண்டும். இதைத் ‘தமிழர் ஆடையை ஆப்பிரிக்கர் அணிகிறார்கள்’ என்று சொன்னால் அந்தக் கத்திபிடித்த கைக்கு என்ன மரியாதை? சுலாவெசியின் தொராஜா மலைகளில் இந்தியத் துணிகளை உடுத்தாமலே தலைமுறை தலைமுறையாகப் புனிதப் பொருளாகப் பேணினார்கள். அங்கே போய் ‘இது எங்க ஊர் போர்வைங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

சொல்லும் இப்படித்தான் ஊர் சுற்றும். குஜராத்தி வணிகச் சாதியின் பெயர் போர்த்துக்கீசியர் வாயில் பனியன் ஆகி, ஐரோப்பிய ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொள அங்கிக்குப் பெயராகி, கடைசியில் நம் ஊரில் உள்சட்டையானது. லண்டனின் சாமுவேல் பெப்பீஸ் 1666இல் தன் உருவப்படத்துக்காக ஓர் ‘இந்திய அங்கி’யை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார். நம் திருமண ஸ்டூடியோக்களில் வாடகைக் கோட்டு கிடைப்பது போல. பனியன் தமிழ்ச்சொல்லா என்று கேட்டு ஒரு குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அதில் நான் கலந்துகொள்ளவில்லை.

"அப்படின்னா நமக்குன்னு ஒண்ணுமே இல்லையா?" என்று குரல்பதிவின் கடைசியில் அண்ணன் கேட்டிருந்தார். இருக்கிறது அண்ணே. வெள்ளிக்கிழமை மதியம் ஏதாவது பள்ளிவாசல் பக்கம் போய் நில்லுங்கள். மலாய்க்காரர்கள் இடுப்பில் கட்டம்போட்ட கைலி கட்டியிருப்பார்கள். பசார் மாலாமில் கேட்டால் கைன் பெலிக்காட் என்று எடுத்துக் கொடுப்பார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. வெள்ளைக்காரர் வாயில் புலிக்காட் ஆகி, இங்கே பெலிக்காட் ஆனது. டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுவதற்கு நூறாண்டு முன்பே, அந்தத் துறைமுகத்துக்கும் மலாக்காவுக்கும் நடந்த துணி வணிகத்தைப் பற்றி தொமே பிரேஸ் எழுதிவிட்டார். கொண்டுவந்த வணிகரைக் கெலிங் என்கிறார். இன்று நம்மைத் திட்டப் பயன்படுகிற அதே சொல். அன்றைக்கு அது சரக்குக் கப்பலின் முகவரி.

ஆனால் அந்தக் கைலி தமிழருடையதா? பெயர் நம் கரையுடையது. கட்டும் முறை, தொழுகைக்கு உடுத்தும் வழக்கம், கட்டங்களுக்கு நடுவே கெப்பாலா என்று ஒரு பட்டை வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாம் அவர்களுடையது. இன்றைக்குச் சந்தையில் விற்பதில் நிறைய இந்தோனேசியச் சரக்கு. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் இன்னும் கைலி நெய்கிறார்கள். பழவேற்காட்டுக்குப் போனால் ஏரி இருக்கிறது, மீன்பிடி வலைகள் இருக்கின்றன, மண்டையோடு செதுக்கிய டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன.

அண்ணன் பதில் போடவில்லை. படம் வேறு குழுவுக்குப் போய்விட்டது. இந்தமுறை பாண்டிய அரசி.